பாதிவிலை சகலையும் ஆரஞ்சு பேட்டரியும்

ஒரு 'ச்சு'. அவ்வளவுதான். நாக்கை மேல் அண்ணத்தில் ஒட்டி எடுத்தால் வருமே, அந்தச் சத்தம். தச்சர் அதைப் பல வருஷமாகத் தொண்டையில் சிக்கிய முள்ளைப் போல வைத்திருந்தார். விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை.

நடந்தது இதுதான். தச்சர் முதன்முதலாக வயர் இல்லாத டிரில்லிங் மெஷின் ஒன்று வாங்கினார். நல்ல ஆரஞ்சு நிறம். பெட்டிக்குள் இரண்டு பேட்டரி, ஒரு சார்ஜர். அந்த ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீட்டுச் சாப்பாட்டுக்குப் போனபோது, முதல் பிள்ளையைக் காட்டப் போகிறவர் மாதிரி அதையும் தூக்கிக்கொண்டு போனார். சாப்பாட்டு மேஜையில் வைத்துத் திறந்தார். மாமியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். கொழுந்தியாளைக் கட்டியிருந்த புது மாப்பிள்ளையும் எட்டிப் பார்த்தான். தச்சருக்கு அவன் சகலை. கல்யாண மாலையின் வாசம்கூட இன்னும் போகாதவன்.

"என்ன விலைங்க சகல?"

தச்சர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு விலையைச் சொன்னார்.

"ச்சு."

வேறொரு வார்த்தை இல்லை. சத்தத்தைப் போட்டுவிட்டு அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். மாமியார்தான் வாயைத் திறந்தார்.

"அடேயப்பா, சின்ன மாப்பிள்ளைக்கு விலையெல்லாம் அத்துப்படி போலிருக்கே! மூத்தவர எவனோ நல்லா மொட்டை அடிச்சி அனுப்பியிருக்கான்."

மேஜையைச் சுற்றி ஒரே சிரிப்பு. தச்சர் பெட்டியை மூடினார். அன்றைக்கு மூடியது பெட்டியை மட்டுமல்ல. அதற்குப் பிறகு சகலையோடு நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசியதில்லை. பக்கத்து நாற்காலியில் அவன் உட்கார்ந்திருந்தாலும், "அந்த உப்பத் தள்ளச் சொல்லு" என்று மனைவியிடம்தான் சொல்வார். அவனும் சளைக்காமல், "உப்பு வருதுன்னு சொல்லுங்கண்ணி" என்று அதே வழியில் பதில் அனுப்புவான்.

சகலைக்குத் தொழில் ஜன்னல்களுக்குத் திரை மாட்டுவது. நாளெல்லாம் ஏணி மேல்தான். அடுத்தவர் சுவரில் ஓட்டை போடுவதற்கே பிறந்தவன் என்று தச்சர் சொல்வார். ஆனால் ஊருக்கு அவனைத் தெரிந்தது திரையால் அல்ல, தள்ளுபடியால். அந்த 'ச்சு' நடந்து கொஞ்ச நாளில் அவன் ஒரு நீலநிற மெஷினைக் கொண்டுவந்து அதே மேஜையில் வைத்தான். விலை பாதி. கூடவே ஒரு பேட்டரி இலவசம். அன்றைக்கே அவனுக்குப் 'பாதிவிலை' என்று பெயர் விழுந்தது. பெற்றவர்கள் வைத்த பெயரைப் பிறகு யாரும் தேடவில்லை.

அவன் கடைக்குப் போகிற அழகே தனி. வேண்டிய பொருளைக் கண்ணால்கூடப் பார்க்க மாட்டான். பொண்ணு பார்க்க வந்த வீட்டில் புது மாப்பிள்ளை தரையைப் பார்ப்பது போல, ஒன்றும் தெரியாத முகத்தோடு சுற்றுவான். "என்ன விலை" என்று கேட்க மாட்டான். "இது எப்போ குறையும்" என்றுதான் கேட்பான். தனி பேட்டரி வாங்குகிறவனைப் பார்த்தால் அவனுக்குப் பொறுக்காது. "தனியா வாங்கினா யானை விலைங்க. மெஷினோட சேர்த்து விக்கிற பெட்டியப் பாருங்க. ரெண்டு பேட்டரியும் மெஷினும் சேர்ந்தே அதைவிடக் கம்மியா இருக்கும். பேட்டரிய வச்சிக்கிட்டு வெறும் மெஷின யார் தலையிலயாவது கட்டுங்க." தோட்டத்து இலைகளை ஊதித் தள்ளுகிற மெஷினை இலை உதிர்ந்து முடிந்த பிறகு வாங்கச் சொல்வான். புல் வெட்டுவதைப் புல் காய்ந்த பிறகு. குடையை வெயிலிலும் வாங்கச் சொல்லியிருப்பான். அதற்குப் பேட்டரி இல்லாததால் விட்டுவிட்டான்.

இப்படியே குடும்பம் முழுவதும் நீலமாகிவிட்டது. குழாய் வேலை செய்கிற மைத்துனன் நீலம். பெயின்ட் அடிக்கிற ஒன்றுவிட்ட அண்ணன் நீலம். ஒருவன் பேட்டரி தீர்ந்தால் இன்னொருவன் பேட்டரியைப் பிடுங்கிப் போட்டுக்கொள்ளலாம். கல்யாணப் பரிசாகக்கூடப் பேட்டரிதான் கொடுத்துக்கொண்டார்கள். தச்சர் மட்டும் ஆரஞ்சு. ஆரஞ்சு மெஷினில் நீலப் பேட்டரி ஏறாது, நீலத்தில் ஆரஞ்சு ஏறாது. கம்பெனிக்காரர்கள் அப்படிச் செய்து வைத்திருந்தார்கள். தச்சரோ வீம்புக்கென்றே ரம்பம், இழைப்பு மெஷின், தேய்ப்பு மெஷின் என்று எல்லாவற்றையும் ஆரஞ்சிலேயே வாங்கினார். முழு விலைக்கு வாங்கினார். பேட்டரி மட்டும் அந்தப் பழைய இரண்டையே மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டார். வயர் வைத்த பழைய மெஷின்களை விற்றுத் தீர்த்தார்.

இந்த லட்சணத்தில்தான் மகளுடைய பூக்கடை வந்தது.

பல வருஷம் அடுத்தவர் கடையில் பூங்கொத்து கட்டிய மகள், சொந்தமாக ஒரு சின்னக் கடை பிடித்திருந்தாள். ஞாயிறு காலையில் திறப்பு. அழைப்பும் கொடுத்தாகிவிட்டது. பூ வண்டி விடிந்ததும் வந்துவிடும். கடைக்குள் வாளிகளை அடுக்கப் படிபடியாகப் பலகைத் தட்டு, ஒரு நீள மேஜை, ஜன்னலில் ஒரு தொங்கு அலமாரி எல்லாம் தச்சர் பொறுப்பு. கடைக்கு மின்சாரம் இன்னும் வரவில்லை. வயர்மேன் அடுத்த வாரம் என்று கையை விரித்துவிட்டார்.

"கரண்ட் எதுக்கும்மா, அப்பாகிட்ட எல்லாமே பேட்டரி" என்று தச்சர் மீசையைத் தடவினார்.

வெள்ளிக்கிழமை மதியம் முதல் பலகையின் பாதியில் ரம்பம் நின்றது. பேட்டரியை மாற்றிப் போட்டார். அதுவும் இருமிவிட்டு நின்றது. வீட்டுக்கு ஓடிச் சார்ஜரில் போட்டால் சிவப்பு விளக்கு கண்ணடித்தது. ஒரு பேட்டரியின் வயிறு உப்பியிருந்தது. இரண்டுக்கும் ஆயுசு முடிந்துவிட்டது.

பெரிய கடைக்குப் போனார். அங்கே இருந்தவன் பேட்டரியை வாங்கித் திருப்பிப் பார்த்தான். "இது பழைய மாடல் சார். கம்பெனி வடிவத்த மாத்திட்டான். புதுசு உங்க மெஷின்ல ஏறாது. மெஷின மாத்திடுங்க."

"எந்த மெஷின?"

"எல்லாத்தையும்தான்."

பூ காத்திருக்காது. ஞாயிறு விடிந்தால் வண்டி வாசலில் நிற்கும். தட்டு இல்லாவிட்டால் மகளின் முதல் நாள் பூக்கள் தரையில் கிடக்கும். நீலக்காரர்கள் யாரிடமும் ரம்பம் கிடையாது. கைரம்பத்தால் அத்தனை பலகையும் அறுப்பதென்றால் பேத்தி வந்துதான் கடை திறக்க வேண்டும்.

வீட்டில் மனைவி சொன்னாள், "தங்கச்சி வீட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க."

"அவன்கிட்டயா? செத்தாலும் கேக்க மாட்டேன். அவனால முடியும்னா என்னாலயும் முடியும்."

சட்டையை மாட்டிக்கொண்டு பழைய சரக்கு விற்கிற கடைகளைத் தேடிக் கிளம்பினார். மூன்றாவது கடையில் அதிர்ஷ்டம் அடித்தது. மேல் தட்டில், தூசிக்குள், பழைய மாடல் ஆரஞ்சுப் பெட்டி ஒன்று. இலை ஊதும் மெஷின். பெட்டி மேல் படத்தில் மெஷினோடு இரண்டு பேட்டரி ஜம்மென்று நின்றன. சகலை செய்வது போலவே தச்சரும் ஒன்றும் தெரியாத முகத்தை வைத்துக்கொண்டார். பேரம் பேசினார். கோபித்துக்கொண்டு வாசல்வரை போய்த் திரும்பினார். கடைக்காரர் கேட்டதில் பாதிக்கும் கீழே முடித்தார். வரும் வழியெல்லாம் கால் தரையில் படவில்லை.

கூடத்தில் மனைவி முன்னால் பெட்டியை உடைத்தார். உள்ளே மெஷின் இருந்தது. நீளக் குழல் இருந்தது. பேட்டரி இருக்க வேண்டிய இடத்தில் அட்டை மடிப்பு இருந்தது. பெட்டியின் அடிப்பக்கம் எறும்பு எழுத்தில், 'பேட்டரி தனி' என்று இருந்தது.

மனைவி சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை.

"ரோஷத்த வச்சி பலகை அறுக்க முடியுமாங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டு, போனை எடுத்துத் தங்கையை அழைத்தாள்.

மறுநாள் காலை பாதிவிலை வந்துவிட்டான். ஹெல்மெட்டைக் கழற்றி அக்குளில் வைத்துக்கொண்டு, கூடத்தில் கிடந்த பெட்டியைச் சுண்டுவிரலால் தூக்கிப் பார்த்தான். ஒரே விரலுக்கு வந்துவிட்டது. பேட்டரி இருந்தால் அப்படி வராது என்று குழந்தைக்கும் தெரியும். தச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்தார்.

சத்தம் வரவில்லை.

"நல்ல பெட்டிங்கண்ணி" என்றான் பாதிவிலை. "கெட்டி அட்டை. சகலைய வண்டியில ஏறச் சொல்லுங்க."

தச்சர் ஏறினார். பின் சீட்டில், சகலைக்கும் தனக்கும் நடுவே ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டு உட்கார்ந்தார். முதல் பள்ளத்தில் அந்த இடம் காணாமல் போனது. "பாத்துப் போ!" என்று தச்சர் கத்தினார். பல வருஷத்துக்குப் பிறகு சகலையிடம் அவர் நேராகப் பேசிய முதல் வார்த்தை அதுதான். முன்னால் அவன் தோள் குலுங்கியது. சிரிக்கிறான் என்று தெரிந்தது.

அன்று காலை தச்சர் பார்த்தது ஒரு வேட்டை. திருப்பிக் கொடுத்த பொருள்களை விற்கிற கிடங்கு, வாடகைக்கு மெஷின் விடுகிற கொட்டகை, ரிப்பேர் கடையின் பின்வாசல் என்று அவன் நுழையாத சந்து இல்லை. எல்லா இடத்திலும் அவனுக்கு வரவேற்பு வேறு.

"வாய்யா பாதிவிலை! இன்னிக்கி என் குடும்பத்த எந்தத் தெருவுல நிறுத்தப் போற?"

"உங்க குடும்பம் எதுக்குண்ணே? அந்தத் தூசிக்கு என்ன விலை, அதச் சொல்லுங்க."

"எந்தத் தூசி?"

"மேல் தட்டுல இருக்கிற பெட்டி மேல உக்காந்திருக்கே, அந்தத் தூசி. வருஷக்கணக்கா வளர்த்திருக்கீங்க. தூசிக்கு நான் காசு குடுத்துடறேன், பெட்டிய சும்மா குடுத்துடுங்க."

கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். தச்சருக்கும் சிரிப்பு வந்தது. அதை இருமலாக மாற்றிக்கொண்டார்.

தூசிக்குள் இருந்தது வேறு மாடல், தச்சரின் மெஷினில் ஏறாது. இன்னொரு கடையில் பழைய மாடல் பேட்டரி ஒன்று கிடைத்தேவிட்டது. தச்சர் பாய்ந்து எடுத்தார். பாதிவிலை அதை வாங்கி, முனையில் இருந்த செம்புத் தகடுகளை வெளிச்சத்தில் பிடித்தான். ஒரு தகடு கறுத்து உருகியிருந்தது.

"வேணாம் சகல."

"பாதி விலைக்குத் தர்றேங்கிறாரே!"

"பொணத்த யாராவது தள்ளுபடியில வாங்குவாங்களா?"

"ஒரு பத்துப் பலகை ஓடினாப் போதும்யா!"

"ஓடாது. பத்திக்கும். மரத்தூளுக்கு நடுவுல நிக்கப்போறது நீங்க. அண்ணிக்கு யாரு பதில் சொல்றது?"

அந்தக் கடைதான் கடைசி. வெயில் ஏறிவிட்டது. தெருவோரத்தில் இரண்டு பேரும் ஆளுக்கொரு டீயோடு நின்றார்கள். தச்சர் டீயைக் குடிக்கவில்லை. "முத முதல்ல ஒரு கடை போடறா. அப்பா பாத்துக்குவேன்னு சொன்னேன்" என்றார். யாரிடம் சொன்னார் என்று அவருக்கே தெரியாது.

பாதிவிலை டம்ளரைக் கீழே வைத்தான்.

"உங்க கொழுந்தியா இப்ப எங்க இருப்பா?"

"பூக்கடையில. அக்காளும் தங்கச்சியும் சுவருக்கு வெள்ளை அடிக்கிறாங்க."

"சாயங்காலம் வரைக்கும் வர மாட்டாளே?"

"ஏன் கேக்கற?"

"வண்டியில ஏறுங்க."

நேராக அவன் வீடு. கதவைத் தாழ்ப்பாள் போட்டான். ஜன்னல் திரையையும் இழுத்து விட்டான். பரணுக்கு ஏணி போட்டு ஏறி, மாதிரித் துணிச் சுருள்களை ஒவ்வொன்றாக நகர்த்தினான். ஆக உள்ளே, பழைய போர்வைக்குள் சுற்றி வைத்திருந்த ஒரு பெட்டியை இரண்டு கையாலும் இறக்கினான். கனமாக இருந்தது. போர்வையை விலக்கினான்.

ஆரஞ்சுப் பெட்டி. தச்சர் அன்றைக்கு மாமியார் வீட்டு மேஜையில் திறந்தாரே, அதே பெட்டி. அதே மாடல். உள்ளே கீறல் படாத மெஷின். பக்கத்தில் இரண்டு பேட்டரி. பாதிவிலை பித்தானை அழுத்தினான். எல்லா விளக்கும் பச்சையாக எரிந்தன.

"ஏது?"

"என்னுதுதான்."

"நீதான் நீலமாச்சே!"

பாதிவிலை தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"நீங்க வாங்கின அதே கடை, சகல. அந்த ஞாயித்துக்கிழமைச் சாப்பாட்டுக்கு முதல் நாள் சாயங்காலம். புது மாப்பிள்ளை, மூத்தவருக்குச் சமமா மேஜையில ஒண்ணு வைக்கணும்னு ஆசை. கடைக்காரன் சொன்ன விலைய அப்படியே குடுத்துட்டு வந்தேன். பெட்டி கீழ வண்டியில இருந்துச்சு. எடுத்துட்டு வரலாம்னு எழுந்திரிக்கப் போறேன், நீங்க திறந்துட்டீங்க. விலை சொன்னீங்க. நான் குடுத்தது அதுக்கும் மேல சகல! ரொம்ப மேல! என்னையும் அறியாம 'ச்சு'ன்னு வந்துடுச்சு. அது உங்களுக்கு இல்ல. எனக்கு."

தச்சரும் எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"அப்பவே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"எங்க விட்டாங்க? அத்தை அதுக்குள்ள விலையெல்லாம் அத்துப்படின்னு பட்டம் கட்டிட்டாங்க. உங்க கொழுந்தியா என்னை ஒரு பார்வை பார்த்தா பாருங்க, கல்யாண மேடையிலகூட அப்படிப் பார்க்கல. அந்தப் பார்வையக் காப்பாத்தத்தான் கடை கடையா அலைஞ்சி விலை கத்துக்கிட்டேன். ஆரஞ்ச வெளிய எடுக்க முடியாது, எடுத்தா விலை கேப்பாங்க. அதனால நீலம் வாங்கினேன். என்னைப் பார்த்து எல்லாரும் நீலமாயிட்டாங்க."

"இத்தன வருஷம் பரண்ல கிடந்த பேட்டரி எப்படி உயிரோட இருக்கு?"

"பட்டினி போட்டா செத்துடுமே. அவ அம்மா வீட்டுக்குப் போற நாளாப் பாத்து இறக்குவேன். கதவச் சாத்திக்கிட்டு சார்ஜ் போடுவேன். திரும்பப் போர்வையச் சுத்தி ஏத்திடுவேன்."

தச்சர் அவனையே பார்த்தார். வயிற்றில் ஆரம்பித்த ஏதோ ஒன்று மேலே ஏறி வந்தது.

"சின்ன வீடு வச்சிருக்கிறவன்கூட இவ்வளவு பயந்து பயந்து போக மாட்டான்டா!"

இரண்டு பேரும் தாழ்ப்பாள் போட்ட வீட்டுக்குள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் முள் எங்கே போனதென்று தச்சர் தேடவும் இல்லை.

அதற்குப் பிறகு வேலை பறந்தது. பேட்டரியைப் போட்டதும் ரம்பம் ஒரு உறுமு உறுமியது பாருங்கள், தூக்கம் கலைந்த நாய் மாதிரி. ஒரு பேட்டரி பலகை அறுக்கும்போது இன்னொன்று பாதிவிலையின் வீட்டில் சார்ஜ் ஏறியது. அவன் வண்டியில் கொண்டுபோவதும் கொண்டுவருவதுமாக இருந்தான். நடுவில் தன் நீல மெஷினால் சுவரில் ஓட்டை போட்டுக் கொடுத்தான். "நேரா போடுடா, இது திரை இல்ல" என்று தச்சர் அதட்டினார். "உங்க பலகை நேரா இருந்தா ஓட்டையும் நேரா இருக்கும்" என்று பதில் வந்தது. அக்காளும் தங்கையும் வெள்ளைத் தூரிகையோடு நின்று, நடப்பது கனவா என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பொழுது சாய்வதற்குள் கடைசித் தட்டும் ஏறிவிட்டது.

ஞாயிறு காலை பூ வண்டி வாசலில் நின்றபோதுதான் கடைக்குள் அங்குலக் கணக்கில் மரத்தூள் கிடப்பதைப் பார்த்தார்கள். துடைப்பத்தை எடுத்தால் தூள் பறந்து புதுச் சுண்ணாம்பில் ஒட்டும். மகள் கையைப் பிசைந்தாள். தச்சர் வீட்டுக்குப் போய், அந்த இலை ஊதும் மெஷினைத் தோளில் சாத்திக்கொண்டு வந்தார். பேட்டரியைச் சொருகி விசையை அழுத்தினார். ஊளையிட்டுக்கொண்டு தூள் அத்தனையும் ஒரே மேகமாக வாசலைத் தாண்டிப் போனது. அந்த நேரம் பார்த்து மாமியார் வாசலில் இறங்கினார். மேகம் கலைந்தபோது அவர் மாவில் புரட்டி எடுத்தது போல நின்றார்.

"மூத்த மாப்பிள்ளை!"

"தள்ளுபடியில வாங்கினது அத்தை. நல்லா வேலை செய்யுது பாருங்க!"

மாமியாரே சிரித்துவிட்டார். படிபடியாக வாளிகள் ஏறின. சிவப்பும் மஞ்சளும் வெள்ளையுமாகச் சுவர் தெரியாமல் நிறைந்தது. மகள் நீள மேஜைக்குப் பின்னால் நின்று முதல் பூங்கொத்தைக் கட்டினாள். வந்தவர்கள் தட்டைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் பூவைப் பார்த்தார்கள்.

கூட்டம் கொஞ்சம் ஓய்ந்தபோது கொழுந்தியாள் ஆரஞ்சுப் பேட்டரியைக் கையில் எடுத்துத் திருப்பினாள்.

"ஊரெல்லாம் கிடைக்காதுன்னாங்களே. இவருதான் பிடிச்சித் தந்தாராமே? என்ன விலை அத்தான்?"

எல்லோரும் திரும்பினார்கள். மாமியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். வாளிகளுக்குப் பின்னால் நின்ற பாதிவிலையின் முகம் அங்கிருந்த வெள்ளைப் பூவை விட வெளுத்துவிட்டது. பல வருஷக் கணக்கைத் தீர்க்க இதைவிட நல்ல மேடை தச்சருக்கு இனி அமையாது.

"ச்சு" என்றார் தச்சர். "அத ஏன் கேக்கற. சொன்னா கடைக்காரன் குடும்பம் தூக்குல தொங்கும். பாதிக்கும் கீழ!"

கொழுந்தியாள் தன் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வை எப்படிப்பட்டது என்று தச்சர் அன்றைக்குத்தான் நேரில் பார்த்தார். இதற்காக ஒரு மனுஷன் பரணில் எதை வேண்டுமானாலும் ஒளித்து வைக்கலாம் என்று தோன்றியது.

எல்லோரும் கிளம்பியபோது பாதிவிலை ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு தச்சர் பக்கம் ஒதுங்கினான். பொண்டாட்டி காதுக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறாளா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டான்.

"சகல, ஒரு உதவி."

"சொல்லு."

"புது மாடலுக்கு நீங்க மாறித்தானே ஆகணும்? கடைக்குப் போறப்ப என்னையும் கூட்டிட்டுப் போங்க. நல்ல பெரிய கடையாப் போவோம், ஏசி போட்ட கடை. பேரம் பேச வேணாம், தூசி பாக்க வேணாம். 'அதக் குடுங்க'ன்னு நானே விரல நீட்டிச் சொல்லிட்டு, முழு விலையக் குடுத்துட்டு வெளிய வரணும். ஒரே ஒரு தடவை. ரொம்ப நாள் ஆசை சகல. வீட்டுல மட்டும் சொல்லிடாதீங்க."